குறுஞ்சுற்று வேறு, மின் ஒழுக்கு வேறு

கடை எரிந்தாலும் வீடு எரிந்தாலும் மறுநாட் செய்தியில் "மின் ஒழுக்கே காரணம் எனச் சந்தேகிக்கப்படுகிறது" என்ற அதே வாக்கியம் வந்துவிடுகிறது. ஷோட் சேர்க்கிட் என்பதற்கு நம்மவர் வைத்திருக்கும் தமிழ் இது. செய்தியோடு நின்றிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். மட்டக்களப்புக் கல்லடியில், ட்ரான்சிஸ்டருக்குப் பதில் வெற்றிடக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் வால்வு அம்பிளிபயர் கிட் ஒன்றைத் தாமே பொருத்திய இளைஞர் ஒருவரும், சுவிட்சைப் போட்டதும் பியூஸ் போவதற்கு "எங்கேயோ மின் ஒழுக்கு" என்றே காரணம் சொன்னார்.

சேர்க்கிட் என்பது சுற்றிவருதலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. மின்னோட்டம் சுமையினூடாக, அதாவது மின்னைப் பயன்படுத்தும் பகுதியினூடாக, செல்லாது, தடை மிகக் குறைந்த வழியாகச் சுற்றை முடித்துக்கொள்வதால் அது குறுஞ்சுற்று. புணர்ச்சி குறுஞ்செய்தியில் உள்ளதே.

ஒழுக்கு என்பதோ, முழுவதும் தடுக்க வேண்டிய ஒன்று சிறிது சிறிதாக விட்டுக்கொடுப்பது. மாரியில் கூரை ஒழுகக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டும் ஒன்றெனக் கொள்பவர் அந்த அம்பிளிபயரைத் திறந்து பார்க்கட்டும். மின்வழங்கற் பகுதியின் வடிகட்டுக் கொள்ளளவி (கபாசிற்றர்) குறுஞ்சுற்றானால் பியூஸ் உடனே போகும். மின் இணைப்பைக் கழற்றி, கொள்ளளவிகளில் எஞ்சிய மின்னை இறக்கியபின் பல்மானியை (மல்ற்றிமீற்றர்) வைத்தால் தடை ஏறத்தாழச் சுழியமாகக் காட்டும். இரு வால்வுகளுக்கு இடையிலுள்ள இணைப்புக் கொள்ளளவி ஒழுகினாலோ பியூஸ் அசையாதிருக்கலாம், பல்மானியின் சிறிய மின்னழுத்தத்தில் குறையும் தெரியாமற் போகலாம். ஆயினும் 10 மைக்ரோ அம்பியர் ஒழுக்கு 470 கிலோ ஓம் தடையினூடாகச் சென்றால், வால்வின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும், கிரிட் எனப்படும் நெய்யரியில் 4.7 வோல்ற்று நேரழுத்தம் ஏறிவிடும். ஈஎல்84 போன்றதொரு வெளியீட்டு வால்வு அளவுக்கு மீறி மின்னோட்டத்தை இழுத்து, அனோட்டுத் தகடு செந்நிறமாவதற்கு இது போதும். இதைப் பிடிக்க அந்த வால்வைக் கழற்றிவிட்டு, மின் கொடுத்து, அதன் தாங்கியின் 2ஆம் முனையில் நேரோட்ட அழுத்தம் இருக்கிறதா என்று, 200 வோல்ற்றுக்கு மேல் ஓடும் இடத்தில் ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, அளக்க வேண்டும். அந்த இளைஞரோ பியூஸ் போகும் கிட்டில் இணைப்புக் கொள்ளளவிகளையெல்லாம் மாற்றிக்கொண்டிருந்தார்; சொல் காட்டிய வழியில் போனவரை எப்படிக் குறை சொல்வது?

"மின் ஒழுக்கு என்றால்தான் மக்களுக்கு விளங்கும்" என்று மொழிபெயர்ப்பாளர் சொல்வர். பௌதிகத்தைத் தமிழிற் கற்றவருக்குக் குறுஞ்சுற்று புதிதன்று. கல்லாதவர் ஷோட் என்கிறார், அவருக்கும் விளங்குகிறது. வீட்டு மின்பலகையே இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது: 30 மில்லி அம்பியர் ஒழுகினால் விழுவது ட்ரிப் சுவிட்ச், குறுஞ்சுற்றுக்கு விழுவது வேறு பிரேக்கர். தமிழகத்தார் எழுதும் மின்கசிவிலும் இதே குழப்பந்தான். குறுக்குச் சுற்று என்போரும் உளர். குறுமையைக் குறுக்காக்கியது காதில் விழுந்த பிழையாக இருக்கக்கூடும்.

வாவிப்பக்கத்து ஈரமும் உப்பும் பலகையிற் படிந்து முனைகளுக்கிடையே மின்னைக் கடத்துமாயின், அதை மின் ஒழுக்கு என்று தாராளமாக எழுதலாம். பியூஸ் போனதற்குக் குறுஞ்சுற்று என்று எழுத மனமில்லாதவர் ஷோட் என்றே எழுதட்டும். தேடுபவர் சரியான இடத்திலாவது தேடுவார்.