குகைக்குள் ஏன் இத்தனை சூபாட்?

போகிமான் வீடியோ கேம் விளையாடியவர்களிடம் அதில் வரும் மவுண்ட் மூன் குகையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஒரு பெருமூச்சு வரும், அப்புறம் சூபாட் என்ற பெயர் வரும். கண்ணே இல்லாத சின்ன நீல வௌவால் அது. இரண்டு அடி அடித்தால் விழுந்துவிடும். ஆர்பிஜி எனப்படும், ஒரு பாத்திரமாக மாறி ஆடும் விளையாட்டுகளில் இதைவிடக் கொடிய எதிரிகள் எத்தனையோ உண்டு. ஃபைனல் ஃபேன்டசி என்ற இன்னொரு விளையாட்டுத் தொடரில் வரும் மால்போரோ ஒரே மூச்சை ஊதி நம் ஆட்கள் எல்லோரையும் விஷத்திலும் குழப்பத்திலும் தள்ளிவிடும். ஆனால் மால்போரோவைக் கண்டால் வருவது பயம். சூபாட்டைக் கண்டால் எரிச்சல். அந்த எரிச்சலுக்கு உள்ளே ஒரு கணக்கு ஓடுகிறது.

1998இல் ஆங்கிலத்தில் வந்த போகிமான் ரெட், ப்ளூ பதிப்புகளை எடுத்துக்கொள்வோம். திறந்த வெளியில் புல்லுக்குள் கால் வைத்தால்தான் காட்டுப் போகிமான், அதாவது நாம் சண்டையிட்டுப் பிடிக்கும் உயிரினம், வரும். வேண்டாம் என்றால் பெரும்பாலும் ஒதுங்கிப் போகலாம். குகையில் ஒதுங்க இடமில்லை, தரை முழுவதும் புல் மாதிரிதான். நாம் எடுத்துவைக்கும் ஒவ்வொரு அடிக்கும் விளையாட்டு 0 முதல் 255 வரை ஏதோ ஒரு எண்ணை எடுக்கிறது. மவுண்ட் மூனுக்குக் குறித்திருக்கும் எண் 10. எடுத்தது அதைவிடக் குறைவாக இருந்தால் சண்டை. சராசரியாக 26 அடிக்கு ஒன்று.

இந்த முறைக்கு ஒரு காரணம், இது ஓடிய கையடக்கக் கருவியான கேம் பாயின் வறுமையாக இருக்கலாம். 8 பிட் கருவியான அதன் வேலை நினைவகம் வெறும் 8 கிலோபைட். எதிரிகளைக் குகைக்குள் நடமாட விட்டால் ஒவ்வொன்றின் இடத்தையும் திசையையும் அசைவையும் நினைவில் வைக்க வேண்டும். 0 முதல் 255 வரையிலான ஓர் எண்ணுக்கோ ஒரே ஒரு பைட் போதும்.

26 அடிக்கு ஒன்று என்றால் பரவாயில்லையே என்று தோன்றும். சிக்கல் என்னவென்றால், இந்தக் கணக்குக்கு ஞாபகம் மிகக் குறைவு. இப்போதுதான் ஒரு சண்டை முடிந்தது என்று முதல் சில அடிகளுக்கு மேல் அது இரக்கம் காட்டாது. அவை கழிந்ததும் அடுத்த 5 அடிக்குள்ளேயே மறுபடி சண்டை வர கிட்டத்தட்ட 18 சதவீத வாய்ப்பு உண்டு. எதுவுமே வராமல் 60 அடி நடக்கவும் 9 சதவீத வாய்ப்பு உண்டு. ஆனால் அந்த அமைதியான 60 அடி யாருக்காவது நினைவில் நிற்குமா? அடுத்தடுத்து வந்த மூன்று சூபாட்தான் நிற்கும். 1994இல் வந்த ஃபைனல் ஃபேன்டசி 6 இதை அழகாகச் சமாளித்தது. அடி வைக்க வைக்க உள்ளே ஓர் எண் ஏறும், அதோடு சண்டைக்கான வாய்ப்பும் ஏறும், சண்டை முடிந்ததும் எண் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அதனால் சண்டை முடிந்த கையோடு கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

சரி, சண்டை வந்தால் ஏன் சூபாட்டே வருகிறது? ஒவ்வொரு இடத்துக்கும் 10 வரிகள் கொண்ட ஒரு பட்டியல் இருக்கிறது, வரிக்கு ஒரு போகிமான். முதல் இரண்டு வரிகளுக்கும் தலா 20 சதவீதம், கடைசி வரிக்கு வெறும் 1 சதவீதம். மவுண்ட் மூனில் நுழைந்ததும் இருக்கும் தளத்தில் 6 வரிகள் சூபாட்டுக்கே. கூட்டினால் 79 சதவீதம். எல்லோரும் தேடி அலையும் கிளஃபேரி என்ற போகிமான் அந்தக் கடைசி வரியில் இருக்கிறது.

ஓடிவிடலாம் என்றால் அதற்கும் வேகக் கணக்கு. நம் போகிமானின் வேகம் எதிரிக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால் கட்டாயம் தப்பலாம். சூபாட்டின் அடிப்படை வேகம் 55. ஆரம்பத்தில் நாம் தேர்ந்தெடுக்கக்கூடிய போகிமான்களில் சார்மேண்டருக்கு 65, ஸ்குவர்ட்டிலுக்கு 43. அதனால் ஒரே லெவலில் ஸ்குவர்ட்டில் வைத்திருப்பவருக்கு ஓட்டம் சில சமயம் தோற்கும், தோற்ற சுற்றில் அடியும் விழும்.

10ஆம் லெவலில் சூபாட் சூப்பர்சோனிக் என்ற வித்தையைக் கற்றுக்கொள்ளும். பட்டால் நம் போகிமானுக்குக் குழப்பம். ஒவ்வொரு சுற்றிலும் தன்னையே அடித்துக்கொள்ள 50 சதவீத வாய்ப்பு. என்னைக் கேட்டால் உண்மையான கொடுமை இதுதான். சரியான முடிவை எடுத்த பிறகும் பாதி நேரம் அது செல்லாமல் போனால், விளையாடுகிறவர் எதற்கு? 2016இல் வந்த சன், மூன் பதிப்புகளில் இதை 33 சதவீதமாகக் குறைத்தது எனக்குப் பெரிய நிம்மதி.

2018இல் வந்த லெட்ஸ் கோ பதிப்புகளில் அதே மவுண்ட் மூன் திரும்ப வந்தது. அங்கே சூபாட்கள் கண்முன்னே பறந்து திரிகின்றன. வேண்டும் என்றால் போய் முட்டலாம், வேண்டாம் என்றால் சுற்றிக்கொண்டு நடக்கலாம். அப்போதுதான் அது எவ்வளவு அழகாகச் சிறகடிக்கிறது என்று நின்று பார்த்தேன்.