இன்காம்ப்ரிஹென்சிபிள்: பிடிபடாத ஒரு சொல்

அலங்காநல்லூரில் பத்தாவது படிக்கும் அக்கா மகள் போனில் கேட்டாள்: "மாமா, இன்காம்ப்ரிஹென்சிபிள்னு ஒரு வார்த்தை. வாயிலேயே நுழைய மாட்டேங்குது. எப்படிப் பிரிக்கிறது?" ஆங்கிலத்தில் எழுதினால் 16 எழுத்து. நுழையாதுதான்.

அசை பிரித்தால் ஆறு: இன்-காம்-ப்ரி-ஹென்-சி-பிள். முழு அழுத்தமும் 'ஹென்' மேல் விழும், 'காம்' மேல் லேசாக. மற்ற நாலும் வாய்க்குள்ளேயே மழுங்கிப்போகும். நமக்குப் படம், பாடம் என்று குறில் நெடில் மாறினால்தான் பொருள் மாறும், அழுத்தத்தால் மாறாது. அந்தப் பழக்கத்தில் ஆறு அசையையும் ஒரே சீராகச் சொல்லி மூச்சு வாங்குகிறோம். 'ஹென்'னில் மட்டும் ஓங்கிச் சொல்லிப் பாருங்கள், மீதி தானாக உருண்டு வரும்.

வேர் லத்தீன். 'ப்ரெஹெண்டெரே' என்றால் கையால் பற்றுதல். அதன் முன்னால் 'காம்', அதாவது சேர்த்து, முழுதாக. அதற்கும் முன்னால் 'இன்', இல்லை. கடைசியில் 'இபிள்', முடிகிற. ஆக, முழுதாகப் பற்ற முடியாதது. நம் ஒர்க்‌ஷாப் அப்ரண்டிஸும் இதே வேர்தான், தொழிலைப் பற்றிக்கொள்கிறவர். ஆளைப் பிடித்து அடைக்கும் 'ப்ரிசன்' கூட.

சரி, தமிழில்? 'புரிந்துகொள்ள இயலாத' என்பது விளக்கம், சொல் ஆகாது. என் தேர்வு 'பிடிபடாத'. கணக்கும் பிடிபடாது, திருடனும் பிடிபட மாட்டான். லத்தீன் வேர் போலவே கைக்கும் மூளைக்கும் ஒரே சொல். அவள் ஊரிலேயே அத்தாட்சி இருக்கிறது. வாடிவாசலை விட்டுப் பாயும் காளையின் திமிலை அணைத்து வீரர் தாக்குப்பிடித்தால் அது பிடிமாடு. உதறிவிட்டுப் போனால் பிடிபடாத மாடு. "அட, இவ்வளவுதானா!" என்றாள்.

இதையும் பிரித்துக் காட்டினேன்: பிடிபடு + ஆ + த் + அ. 'ஆ' எதிர்மறை இடைநிலை, 'த்' எழுத்துப்பேறு (தனிப்பொருள் இல்லாமல் வந்து சேரும் எழுத்து), 'அ' பெயரெச்ச விகுதி. ஆங்கிலம் 'இல்லை' என்பதை வாசலிலேயே சொல்லிவிடுகிறது. நாம் அதை ஒற்றை நெடிலாக நடுவில் செருகிவிடுகிறோம்.

ஒரு குறை உண்டு. 'பிடிபடாத' என்றால் நாளைக்குப் பிடிபடலாம். என்றைக்குமே முடியாது என்று அடித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் 'அறிவுக்கு எட்டாத' என்றுதான் எழுதுவேன்.