பேதி வந்த நாளில் டயாலிசிஸைத் தள்ளிப்போடாதீர்கள்

"நேற்றிலிருந்து பேதி, வாந்தி. உடம்பில் இருந்த தண்ணீரெல்லாம் போயே போச்சு. இன்னிக்கு டயாலிசிஸ் எதற்கு டாக்டர்?" டயாலிசிஸ் பிரிவில் வேலை செய்பவர்களுக்கு இது பழகிப்போன கேள்வி. கேட்பதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் யூரியா என்ற கழிவு உள்ளேயேதான் இருக்கிறது. பேதியோடு, அமிலத்தைச் சமன் செய்யும் பைகார்பனேட் வெளியேறுவதால் ரத்தத்தில் அமிலத்தன்மையும் கூடுகிறது. பொட்டாசியம் எந்தப் பக்கம் போகும் என்று ஊகிக்கவே முடியாது. பேதியில் இழந்து குறையலாம். பட்டினி கிடந்து ஒரு டயாலிசிஸையும் தவறவிட்டால் ஏறலாம். இரண்டுமே இதயத் துடிப்பைக் கெடுக்கும். ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அதனால் வாருங்கள், ஆனால் வருவதற்கு முன்பே போன் செய்து சொல்லிவிடுங்கள்.

சொல்லச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெரியவர்களுக்கு வரும் வைரஸ் பேதியில் நோரோவைரஸ்தான் முக்கியமானது. கிருமி தொற்றி 12 முதல் 48 மணி நேரத்தில் வாந்தி தொடங்கும். மற்றவர்களுக்கு 1 முதல் 3 நாளில் அடங்கிவிடும். எதிர்ப்பு சக்தி குறைந்த டயாலிசிஸ் நோயாளிக்கு இழுத்துக்கொண்டு போகலாம். மிகச் சில வைரஸ் துகள்களே தொற்றப் போதும். ஒரே நாற்காலியில் ஒருவர் மாற்றி ஒருவர் உட்காரும் இடத்தில் இது எவ்வளவு வேகமாகப் பரவும் என்று யோசியுங்கள். முன்கூட்டியே தெரிந்தால் உங்களுக்குத் தனிப் படுக்கையோ கடைசி ஷிப்டோ ஒதுக்க முடியும். சானிடைசரை நம்பாதீர்கள், நோரோவைரஸிடம் அது சரியாக எடுபடாது. சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் கை கழுவ வேண்டும். பேதி நின்ற பிறகும் 2 வாரம், சிலருக்கு அதற்கு மேலும், மலத்தில் வைரஸ் வெளியேறும்.

இனி, எவ்வளவு நீர் எடுப்பது? உங்கள் ட்ரை வெயிட், அதாவது கூடுதல் நீர் இல்லாத எடை, 58 கிலோ, வழக்கமாக 60.5 கிலோவில் வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இன்று தராசு 58.4 காட்டுகிறது. வழக்கம்போல 2.5 லிட்டர் எடுத்தால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். அதைவிட எனக்குப் பெரிய பயம் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்து வைத்திருக்கும் இடம். அழுத்தம் தாழ்ந்தே கிடந்தால் அதில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளலாம். பேதி இருக்கும் நாட்களில் காலையும் மாலையும் ஃபிஸ்டுலாவின் மேல் விரல் வைத்து ரத்தம் ஓடும் அதிர்வு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த டயாலிசிஸ் வரை காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள்.

பேதிக்குக் குடிக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலான ஓ.ஆர்.எஸ். விஷயத்தில் ரொம்பக் குழப்பம். ஒரு லிட்டர் கரைசலில் 20 மில்லிமோல் பொட்டாசியம் இருக்கிறது. அதற்காக அறவே கூடாது என்பதில்லை. எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவர் சொல்லட்டும். பழச்சாறு வேண்டாம். பிரஷர் மாத்திரை, இன்சுலின் இரண்டையும் வழக்கம்போலப் போடலாமா என்று கட்டாயம் கேளுங்கள். சிறுநீரகம் செயலிழந்தவர் உடம்பில் இன்சுலின் அதிக நேரம் தங்கும். சாப்பிடாத நாளில் சர்க்கரை ஆபத்தாக இறங்கிவிடும். ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது, நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

எல்லாப் பேதியும் வைரஸால் வருவதல்ல. மலத்தில் ரத்தம், கடுமையான வயிற்றுவலி, அண்மையில் ஆன்டிபயாட்டிக் எடுத்திருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் வேறு காரணம் தேட வேண்டும். வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்கள் முதலில் வெளியேறும் திரவத்தைப் பாருங்கள். கலங்கலாக இருந்தால் அது வயிற்று உறைத் தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனை போக வேண்டும். மாற்றுச் சிறுநீரகம் பழுதாகி, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரைகளை இன்னும் எடுத்துக்கொண்டிருப்பவருக்கு சைட்டோமெகலோ வைரஸ் குடலில் புண் உண்டாக்கலாம். அதற்குத் தனி மருந்து உண்டு.

அப்புறம், குணமான பிறகு பலர் தவறவிடும் ஒன்று. சரியாகச் சாப்பிடாமல் சதை கரைந்திருக்கும். உங்கள் உண்மையான எடை இப்போது 56.5 ஆகியிருக்கலாம். பழைய 58-லேயே நிறுத்தினால் மிச்ச ஒன்றரை லிட்டர் உடம்பில் தங்கி, ராத்திரி படுத்தால் மூச்சு வாங்கும். பேதி நின்ற அடுத்த வாரமே ட்ரை வெயிட்டை மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.