சாலை இரைச்சலும் மூன்று மில்லிமீட்டர் இடுக்கும்

சாலையோர வீட்டில் இரைச்சல் தாங்கவில்லை என்றதும் பலர் விசாரிப்பது இரட்டைக் கண்ணாடி ஜன்னலின் விலையை. அதற்கு முன் பார்க்க வேண்டியது, ஜன்னல் கதவுக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள இடுக்கு.

கணக்குப் போட்டால் காரணம் புரியும். 1.2 மீட்டர் சதுர ஜன்னலின் பரப்பு 1.44 சதுர மீட்டர், சுற்றளவு 4.8 மீட்டர். சுற்றிலும் 3 மி.மீ. இடுக்கு இருந்தால் திறந்திருப்பது 144 சதுர செ.மீ., அதாவது ஜன்னலில் ஒரு சதவீதம். 4 மி.மீ. கண்ணாடி சுமார் 30 டெசிபல் தடுக்கும். ஒலி ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே வரும். இடுக்கோ தன்மேல் படுவதை அப்படியே விட்டுவிடும். அது மொத்தத்தில் நூறில் ஒரு பங்கு, டெசிபல் கணக்கில் 20 தடுப்பு. ஆக, ஜன்னலின் தடுப்பு 20 டெசிபலுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. கண்ணாடியை 12 மி.மீ. ஆக்கினாலும் 20-ஐத் தாண்டாது. 10 டெசிபல் கூடினாலே காதுக்குச் சத்தம் ஏறக்குறைய இரு மடங்காகக் கேட்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

சறுக்கு ஜன்னல்கள் இதில் மோசம். கதவு நகர வேண்டும் என்பதால் ஓரங்களில் மெல்லிய தூரிகைப் பட்டைதான் இருக்கும். தூசு படிந்து அது தேய்ந்துவிடும். இரண்டு கதவுகள் சந்திக்கும் நடுப்பகுதியும் ஒழுகும். கீல் வைத்த ஜன்னல் பூட்டும்போது ஓரத்திலுள்ள ரப்பர் பட்டையை (கேஸ்கெட்) அழுத்துவதால் நன்றாக அடைபடும். சோதிப்பது எளிது: ஒரு தாளை இடையில் வைத்துப் பூட்டி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் கேஸ்கெட் அழுந்தவில்லை. நான்கு பக்கமும், குறிப்பாகக் கீலுக்கும் பூட்டுக்கும் எட்டாத மூலைகளில் பாருங்கள். சட்டம் சுவரோடு சேரும் இடத்தையும் விடாதீர்கள். அங்கே பூசிய சிமென்ட் காய்ந்து விரிசல் விட்டிருக்கும்; சுரண்டிவிட்டு, நெகிழும் தன்மையுள்ள சீலன்ட் (இடுக்கை நிரப்பும் பசை) வைத்தால் மறுபடி வெடிக்காது.

இடுக்கை அடைத்த பிறகுதான் கண்ணாடிக்குச் செலவழிப்பதில் பொருள் உண்டு. கண்ணாடியின் எடை இரட்டித்தால் ஏட்டளவில் தடுப்பு 6 டெசிபல் கூடும். ஆனால் ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஒரு பலவீனமான அதிர்வெண் (ஒலி நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்ற எண், அலகு ஹெர்ட்ஸ்) இருக்கிறது: 12,000-ஐ மி.மீ. தடிமனால் வகுத்தால் தோராயமாக அந்த ஹெர்ட்ஸ் கிடைக்கும். அங்கே கண்ணாடி ஒலியோடு சேர்ந்து நெளிந்து, சத்தத்தைக் கடத்திவிடும். 12 மி.மீ. கண்ணாடிக்கு அது 1,000 ஹெர்ட்ஸ். ஓடும் கார்களின் டயர் இரைச்சல் உச்சம் பெறுவதும் அதை ஒட்டித்தான். நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி அந்த நெளிவை அடக்கிவிடும். வெறும் தடிமனைக் கூட்டுவதைவிட இதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வெப்பத்துக்காக விற்கப்படும் இரட்டைக் கண்ணாடி பலருக்கு ஏமாற்றம் தருவதற்கும் காரணம் இருக்கிறது. 4 மி.மீ. கண்ணாடிகள் இரண்டுக்கு நடுவே 12 மி.மீ. காற்று என்றால், அந்தக் காற்று சுருள்வில்லாக மாறி மொத்த அமைப்பும் 245 ஹெர்ட்ஸ் அருகே ஒத்ததிர்கிறது, அதாவது அந்த ஒலியோடு சேர்ந்து தானும் பலமாக அதிர்ந்து அதை உள்ளே கடத்துகிறது. பேருந்து, லாரி எஞ்சின்களின் உறுமல் கேட்கும் கீழ்ப்பகுதியில் அதனால் பெரிய பலன் இராது. பழைய ஜன்னலை அப்படியே வைத்து, 100 மி.மீ. உள்தள்ளி இரண்டாவது ஜன்னல் போட்டால் ஒத்ததிர்வு 85 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். இடம் இருந்தால் இதுவே மேல். இரண்டு கண்ணாடிகளும் வெவ்வேறு தடிமனில் இருக்கட்டும்; அப்போது இரண்டின் பலவீனமும் ஒரே அதிர்வெண்ணில் சேராது.

கனத்த திரைச்சீலையும் சுவரில் ஒட்டும் ஃபோமும் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும்; வெளிச்சத்தத்தைத் தடுக்கும் அளவுக்கு அவற்றில் எடை இல்லை.

எரிவாயு அடுப்போ ஹீட்டரோ உள்ள அறையின் காற்றுத் துளைகளை மட்டும் அடைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். படுக்கையறைக்கும் காற்று வேண்டும். உட்புறம் கண்ணாடிக் கம்பளி (கண்ணாடி இழைகளால் ஆன பஞ்சு) ஒட்டி, ஓரிரு இடங்களில் வளைத்த குழாய் வழியாகக் கொண்டுவந்தால், காற்று வளைந்து வந்துவிடும். ஒலியில் பெரும்பகுதியைக் கம்பளி உறிஞ்சிக்கொள்ளும்.