அஞ்சறைப் பெட்டி பெரிதான கிராபிக்ஸ் கார்டு

பெயர்களை மறைத்துவிட்டு இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளின் விவரப் பட்டியலை யாரிடமாவது காட்டிப் பாருங்கள். முதலாவதில் 3584 கோர்கள் (கணக்குப் போடும் சிறு அலகுகள்), 12 ஜிபி நினைவகம், சிப்புக்கும் நினைவகத்துக்கும் நடுவே 192 பிட் பாதை, அதில் நொடிக்கு 360 ஜிபி தரவு. இரண்டாவதில் 3072 கோர்கள், 8 ஜிபி, 128 பிட், நொடிக்கு 272 ஜிபி. எது வேகமானது என்று கேட்டால் யோசிக்காமல் முதலாவதைக் காட்டுவார்கள்.

முதலாவது, 2021 பிப்ரவரியில் 329 டாலருக்கு வந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060. இரண்டாவது, 2023 ஜூனில் 299 டாலருக்கு வந்த ஆர்டிஎக்ஸ் 4060. 1080பி (1920 × 1080 பிக்சல்) திரையில் பெரும்பாலான கேம்களில் இரண்டாவதுதான் சுமார் 15 முதல் 20 சதவீதம் முன்னால் ஓடுகிறது. அதுவும் 170 வாட்டுக்குப் பதில் 115 வாட்டில்.

கோர் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம், அது எளிது. ஒரு கோர் சிப்பின் கடிகாரத்தின் ஒவ்வொரு துடிப்பிலும் ஒரு பெருக்கலையும் ஒரு கூட்டலையும் சேர்த்துச் செய்யும், ஆக இரண்டு கணக்கு. 3060-இன் துடிப்பு 1.777 கிகாஹெர்ட்ஸ். 3584-ஐ இரண்டால் பெருக்கி, அதை 1.777-ஆல் பெருக்கினால் 12.7 டெராஃப்ளாப்ஸ், அதாவது நொடிக்கு 12.7 லட்சம் கோடி கணக்குகள். 4060-இன் துடிப்பு 2.46 கிகாஹெர்ட்ஸ். அதே கணக்கில் 15.1 வருகிறது. ஆள் குறைவு, கை வேகம் அதிகம். 3060-இன் சிப் சாம்சங்கின் 8 நானோமீட்டர் முறையில் செய்தது, 4060-இன் சிப் டிஎஸ்எம்சி நிறுவனத்தின் 4என் முறையில் செய்தது. (இந்த 8, 4 எல்லாம் இன்று அளவுகோலில் அளந்த எண்கள் அல்ல. ஏறக்குறைய பிராண்டு பெயர்கள்தான்.) டிரான்சிஸ்டர் சிறிதானால் அதைத் திறந்து மூடக் குறைந்த மின்சாரம் போதும். மிச்சமான மின்சாரத்தில் ஒரு பங்கைத் துடிப்பைக் கூட்டச் செலவிட்டிருக்கிறார்கள்.

12.7-இலிருந்து 15.1 என்றால் 19 சதவீத உயர்வு. கேம்களில் கிடைப்பதும் கிட்டத்தட்ட அதுவே. எனக்கு வியப்பு அங்கேதான். கணக்குப் போடும் வேகம் கூடினாலும், தரவு வந்து சேரும் வேகம் கால்பங்கு குறைந்திருக்கிறதே? கோர்கள் தரவுக்காகக் கைகட்டி நிற்க வேண்டாமா?

நிற்கவில்லை, காரணம் கேச். விளம்பரப் பட்டியலில் பெரும்பாலும் கண்ணில் படாத எண் அது. சமையலறையில் கடுகும் சீரகமும் எடுக்க ஒவ்வொரு முறையும் யாரும் சரக்கு அறைக்குப் போவதில்லை. அடுப்புக்குப் பக்கத்திலேயே அஞ்சறைப் பெட்டி இருக்கும். சிப்புக்கு உள்ளேயே இருக்கும் எல்2 கேச் அந்தப் பெட்டிதான், வெளியே உள்ள ஜிடிடிஆர்6 நினைவகம் சரக்கு அறை. 3060-இல் இந்தப் பெட்டியின் அளவு 3 எம்பி. 4060-இல் 24 எம்பி, எட்டு மடங்கு. ஒரு ஃப்ரேமை, அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் படங்களில் ஒன்றை, வரையும்போது அதே டெக்ஸ்சரும் (பொருள்களின் மேல் ஒட்டும் படம்) எது முன்னே எது பின்னே என்ற அதே ஆழத் தகவலும் திரும்பத் திரும்பத் தேவைப்படும். அவை பெட்டியிலேயே கிடைத்துவிட்டால் சரக்கு அறைக்கு நடை குறையும். நடை குறைந்தால் பாதை குறுகலாக இருந்தாலும் நெரிசல் இல்லை. மின்சாரமும் மிச்சம்: சிப்பை விட்டு வெளியே போய்த் தரவை எடுத்துவர ஆகும் ஆற்றல், அந்தத் தரவை வைத்துக் கணக்குப் போட ஆவதைவிடப் பல மடங்கு.

ஆனால் பெட்டிக்கும் ஓர் அளவு உண்டு. திரையை 4கே-க்கு மாற்றினால் பிக்சல்கள் நான்கு மடங்காகின்றன. கேட்கும் பொருள் பெட்டியில் கிடைப்பது அரிதாகி, மறுபடியும் நடை தொடங்கும். அப்போது பழைய 192 பிட் பாதை தன் அருமையைக் காட்டும், இடைவெளி சுருங்கும்.

அப்புறம், கேச்சால் ஈடுகட்டவே முடியாத ஒன்று இருக்கிறது: கொள்ளளவு. 3060-க்கு ஏன் 12 என்ற எண்? ஒவ்வொரு ஜிடிடிஆர்6 சில்லும் 32 பிட் பாதை கேட்கும். 192-ஐ 32-ஆல் வகுத்தால் ஆறு சில்லுகள். சில்லுகள் 1 ஜிபி அல்லது 2 ஜிபி அளவில்தான் வந்தன. ஆகவே ஒன்று 6, இல்லாவிட்டால் 12. 128 பிட் என்றால் நான்கு சில்லுகள், எனவே 8. பாதையைக் குறுக்கிய அன்றே கொள்ளளவும் முடிவாகிவிட்டது. ஒவ்வொரு பாதையிலும் இரண்டு சில்லுகளை மாட்டி 16 ஆக்கலாம், 4060-ஐவிட வேகமான 4060 டிஐ கார்டின் ஒரு வகையில் அப்படிச் செய்தார்கள், ஆனால் செலவு.

நினைவகம் வழிந்தால் மிச்சம் கணினியின் ரேமுக்குப் போகும், கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாக. 4060 அங்கேயும் 16-க்குப் பதில் எட்டுத் தடங்களைத்தான் பயன்படுத்துகிறது. மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் உள்ள பழைய மதர்போர்டில் அது நொடிக்குச் சுமார் 8 ஜிபி. 272 எங்கே, 8 எங்கே! சராசரி ஃப்ரேம் எண்ணிக்கை நன்றாகவே இருக்கும், நடுநடுவே படம் மட்டும் திக்கும்.

வீட்டுக் கணினியில் மொழி மாதிரிகளை (உரையாடும் செயற்கை நுண்ணறிவு நிரல்களை) ஓட்டுபவர்களுக்கு இது இன்னும் கறாரான கணக்கு. 1300 கோடி எண்கள் கொண்ட மாதிரியை, எண்ணுக்கு அரை பைட் என்று சுருக்கினாலும் 6.5 ஜிபி ஆகும். உரையாடலை நினைவில் வைக்கவும் இடம் வேண்டும். 12-இல் தாராளம், 8-இல் மூச்சு முட்டும். ஒவ்வொரு சொல்துண்டுக்கும் மாதிரி முழுவதையும் ஒருமுறை படித்தாக வேண்டும் என்பதால் 24 எம்பி பெட்டியால் இங்கே பயனில்லை. 360-உம் 272-உம் நேருக்கு நேர் நிற்கும்.

என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் 3 நுட்பம் 4060-இல் இடையில் செருகும் ஃப்ரேம்களை நான் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. பார்க்க வழவழப்பாக இருக்கும், ஆனால் பட்டனை அழுத்தினால் கேம் பதில் சொல்லும் நேரம் அதனால் குறைவதில்லை.

பெரிய கேச் இல்லாமல் பாதையை மட்டும் குறுக்கினால் வேகம் குறையுமா என்று சந்தேகம் இருந்தால், அதற்கான சோதனையை என்விடியாவே செய்து காட்டியது. 2022-இல் 3060-இன் 8 ஜிபி வகை வந்தது. அதே பெயர், அதே 3584 கோர்கள், அதே துடிப்பு. பாதை மட்டும் 128 பிட்டாகக் குறைந்து, நொடிக்கு 240 ஜிபி ஆனது. ஈடுகட்டப் பெரிய கேச் கிடையாது. கேம்களில் அது 12 ஜிபி வகையைவிடத் தெளிவாகப் பின்தங்கியது. பழைய கார்டு சந்தையில் இரண்டும் '3060' என்ற பெயரிலேயே உலாவுகின்றன. வாங்கப் போகிறவர்கள் கார்டின் அட்டைப்பெட்டி ஓரத்தில் எத்தனை ஜிபி என்று படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.