எவருக்கும் கிடைக்காத இருக்கை: இசை நிகழ்ச்சிப் படம் உருவாகும் விதம்

பாப் பாடகி மடோனா வட அமெரிக்காவுக்கு வெளியே மேற்கொண்ட முதல் இசைப் பயணம் 1987 ஜூன் 14 அன்று ஜப்பானின் ஒசாகா நகரில் தொடங்கியது. அதே பயணத்தில் செப்டம்பர் 4 அன்று இத்தாலியின் டுரின் நகர விளையாட்டரங்கில் அவர் நடத்திய நிகழ்ச்சியின் பதிவு அடுத்த ஆண்டு வீடியோ கேசட்டாக வெளிவந்தது. இத்தகைய பதிவில் கூட்டத்துக்குப் பின்னால் உயரத்தில் நிறுத்தப்பட்ட கேமரா மேடை முழுவதையும் காட்டிக்கொண்டிருக்கும்போதே, பாடகி மூச்சை உள்ளிழுக்கும் ஓசைகூட நம் காதருகில் கேட்கிறது. கண் பல பத்து மீட்டர் தொலைவிலும் காது உதட்டிலிருந்து ஐந்து சென்டிமீட்டரிலும் இருக்கும் அந்த இருக்கை, பணம் கொடுத்து உள்ளே சென்றவர்களில் ஒருவருக்கும் கிடைத்திருக்காது. இல்லாத அந்த இருக்கையை ஒலியியலும் கடிகாரங்களும் சேர்ந்து எப்படி உண்டாக்குகின்றன என்பதே இசை நிகழ்ச்சிப் படத்தின் அறிவியல்.

முதல் சிக்கல் ஒலியின் வேகம். 30 டிகிரி செல்சியஸ் வெப்பம் உள்ள காற்றில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் செல்கிறது. ஜூன் 21-ஐ ஒட்டிப் புதுச்சேரியில் இசைத் திருநாள் கொண்டாடப்படுகிறது. அதற்காகக் கடற்கரைச் சாலையில் காந்தி சிலை அருகே ஒரு மேடை அமைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். மேடையிலிருந்து 60 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு, டிரம்ஸ் கலைஞரின் குச்சி தோலில் படுவது உடனே தெரிந்துவிடும். அந்த அடியின் ஓசையோ 170 மில்லி விநாடிக்குப் பிறகுதான் வந்து சேரும். 100 மீட்டர் தள்ளி நின்றால் தாமதம் கால் விநாடியைத் தாண்டிவிடும். கடற்கரையில் காற்றும் இதில் தலையிடுகிறது. தரையை ஒட்டிய காற்று மெதுவாகவும் மேலே உள்ள காற்று வேகமாகவும் வீசுவதால், காற்று வீசும் திசையில் செல்லும் ஒலி தரையை நோக்கி வளைகிறது. எதிர்த்திசையில் செல்லும் ஒலி மேல்நோக்கி வளைந்து கேட்பவரின் தலைக்கு மேலே போய்விடுகிறது. ஒரே தொலைவில், மேடைக்கு இருபுறமும் நிற்கும் இருவர் ஒரே பாட்டை வெவ்வேறு அளவில் கேட்பதற்கு இதுவே காரணம்.

எனவே படத்துக்கான ஒலியைக் காற்றிலிருந்து பிடிக்க முயல்வதே இல்லை. ஒவ்வொரு மைக்கிலிருந்தும் வரும் கம்பி மேடையோரத்தில் உள்ள ஒரு பிரிப்புப் பெட்டிக்குச் செல்கிறது. அங்கே மின்குறிப்பு மூன்றாகப் பிரிந்து, ஒன்று கூட்டத்துக்கான மிக்ஸருக்கும், ஒன்று பாடுபவர் தம் குரலைத் தாமே கேட்பதற்கான மானிட்டர் ஸ்பீக்கர்களுக்கும், மூன்றாவது, ஒலிப்பதிவுக் கருவிகள் உள்ள பதிவு வண்டிக்கும் போகிறது. பாடகர் கையில் பிடிக்கும் மைக், முன்புறத்து ஒலியை நன்றாக ஏற்று, பின்புறத்து ஒலியைப் பெரும்பாலும் தள்ளிவிடும்படி அமைக்கப்பட்டது. அதனால்தான் மானிட்டர் ஸ்பீக்கரை மைக்கின் பின்புறத்துக்கு நேராக வைக்கிறார்கள். பதிவு வண்டியில் குரல், கிட்டார், டிரம்ஸின் ஒவ்வொரு பகுதி என எல்லாம் தனித்தனி ட்ராக்கில் விழுகின்றன. 1980-களில் இதற்கு இரண்டு அங்குல அகலமுள்ள, 24 ட்ராக் கொண்ட காந்த நாடா பயன்பட்டது. விநாடிக்கு 30 அங்குல வேகத்தில் ஓடினால் ஒரு சுருள் ஏறத்தாழ 16 நிமிடத்தில் தீர்ந்துவிடும் என்பதால், ஒன்று முடிவதற்கு முன்பே மற்றொன்று ஓடத் தொடங்கும்படி இரண்டு கருவிகளை வைத்துப் பதிவு செய்தார்கள்.

இப்படிக் கிடைக்கும் ஒலி மிகத் தூய்மையானது; ஆனால் உயிரற்றது. கூட்டம் இல்லாமல் அதை மட்டும் கேட்டால், ஸ்டூடியோவில் அவசரமாகப் பாடிய பாட்டைப் போலவே இருக்கும். ஆகவே மேடையின் இரு ஓரங்களிலும் அரங்கின் நடுவிலும் கூட்டத்தை நோக்கித் தனி மைக்குகளை வைக்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை ஒரு இசை நிகழ்ச்சிப் படத்தின் தரம் இந்த மைக்குகளை எப்படிக் கையாண்டார்கள் என்பதில்தான் தெரிகிறது. மேடையிலிருந்து 30 மீட்டர் தள்ளி வைத்த மைக் கூட்டத்தின் ஆரவாரத்தோடு, ஸ்பீக்கரிலிருந்து வரும் பாட்டையும் 86 மில்லி விநாடி தாமதமாகப் பிடிக்கும். அதை அப்படியே குரல் ட்ராக்கோடு கலந்தால் ஒவ்வொரு சொல்லும் இரட்டையாகக் கேட்கும். அதனால் ஒலிக்கலவை செய்பவர் அந்த ட்ராக்கை 86 மில்லி விநாடி முன்னே நகர்த்திப் பொருத்துகிறார்.

கூட்டம் சேர்ந்து பாடும்போது கணக்கு இன்னும் சுவையாகிறது. மேடையிலிருந்து 50 மீட்டர் தள்ளி நிற்பவர் பாட்டை 143 மில்லி விநாடி தாமதமாகக் கேட்டு, அதற்கேற்பப் பாடுகிறார். அவர் குரல் மேடைக்குத் திரும்பி வர இன்னொரு 143 மில்லி விநாடி ஆகிறது. நிமிடத்துக்கு 120 அடி விழும் வேகமான பாட்டில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே 500 மில்லி விநாடிதான். அதாவது, பாடகி மைக்கைக் கூட்டத்தை நோக்கி நீட்டும்போது அவர் காதுக்கு வரும் பல்லவி அரை அடிக்கு மேல் பிந்தியிருக்கிறது. அதைப் பொருட்படுத்தாமல், தாளத்தை டிரம்ஸிலிருந்தும் மானிட்டரிலிருந்தும் மட்டும் பற்றிக்கொண்டு அடுத்த வரியைச் சரியாக எடுப்பது பெரிய மேடைகளில் பாடிப் பழகியவர்களின் திறமை. படத்தில் இந்தப் பிந்தலை முழுவதும் திருத்திவிட்டால் அரங்கம் ஒரு சிறிய அறையாகச் சுருங்கிவிடும். கொஞ்சம் விட்டுவைத்தால்தான் அதன் பரப்பு காதுக்குத் தெரியும்.

உதட்டசைவும் குரலும் எவ்வளவு விலகினால் கண்டுபிடிப்போம்? சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, ஒலி படத்துக்கு முன்னதாக 45 மில்லி விநாடி வந்தாலே பார்ப்பவர் உணர்ந்துவிடுகிறார். பின்னதாக வந்தால் 125 மில்லி விநாடி வரை உணர்வதில்லை. இயற்கையில் ஒலி எப்போதும் ஒளிக்குப் பின்னரே வருகிறது. தாமதத்தைப் பொறுத்துக்கொள்ள மூளை பழகியிருக்கிறது. ஒலி முந்திக்கொள்வதற்கு அதற்குப் பழக்கமே இல்லை.

அடுத்தது கடிகாரங்களின் ஒற்றுமை. பல கேமராக்களும் ஒலிப்பதிவுக் கருவியும் ஒவ்வொன்றும் தன் குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வைக் கொண்டே நேரத்தை அளக்கின்றன. இரண்டு படிகங்கள் பத்து லட்சத்தில் இருபது பங்கு மட்டும் வேறுபட்டாலும் ஒரு மணி நேர முடிவில் 72 மில்லி விநாடி விலகல் வந்துவிடும். இதைத் தவிர்க்க, பெரிய நிகழ்ச்சிகளில் ஒரே ஒரு மையக் கடிகாரத்தின் துடிப்பைக் கம்பி வழியாக எல்லாக் கேமராக்களுக்கும் அனுப்புகிறார்கள். அத்துடன், மணி, நிமிடம், விநாடி, ஃபிரேம் (வீடியோவில் அடுத்தடுத்து வரும் தனிப் படம்) என நான்கு எண்களாக அமைந்த டைம்கோட் ஒவ்வொரு ஃபிரேமிலும் பதியப்படுகிறது. எடிட்டர் எந்தக் கேமராவுக்கு மாறினாலும் அதே எண் உள்ள ஃபிரேமை எடுத்தால் போதும்.

வெளிநாட்டுப் பயணத்தில் இங்கேதான் புதிய தொல்லை தொடங்குகிறது. அந்நாளைய தொலைக்காட்சி முறையில் இத்தாலியில் விநாடிக்கு 25 ஃபிரேம்கள். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஏறத்தாழ 30, துல்லியமாகச் சொன்னால் 29.97. அமெரிக்காவில் 1953-இல் வண்ணத் தொலைக்காட்சி முறை வகுக்கப்பட்டபோது, வண்ணக் குறிப்பும் ஒலிக் குறிப்பும் ஒன்றோடொன்று மோதாதிருக்க வேகத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்ததன் விளைவு அது. ஆனால் டைம்கோட் 30 ஃபிரேம்களை ஒரு விநாடி என்றே எண்ணுவதால், ஒரு மணி நேரத்துக்கு 3.6 விநாடி பிந்தும். அதை ஈடுகட்ட மணிக்கு 108 எண்களைத் தாண்டி எண்ணுகிறார்கள், படத்தில் ஒரு ஃபிரேமும் தொலைவதில்லை. அந்நாளைய வீடியோவில் ஒரு ஃபிரேம் இரண்டு அரைப்படங்களாகப் பதிவாகும். டுரினில் எடுத்த வீடியோவை அமெரிக்காவில் வெளியிட ஒவ்வொரு ஐந்து அரைப்படங்களிலிருந்தும் ஆறு உண்டாக்க வேண்டும். பக்கத்துப் படங்களைக் கலந்தே ஆறாவது பிறப்பதால் வேகமான நடன அசைவுகளில் கைகால்களின் விளிம்பு மங்கலாகும்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இத்தகைய வேறுபாடு புதிதல்ல. பிரான்சிலும் நம் நாட்டிலும் ஃபிரேம் எண்ணிக்கையும் திரையில் படத்தை வரையும் கிடைக்கோடுகளின் எண்ணிக்கையும் ஒன்றுதான் என்றாலும், வண்ணத்தைப் பதியும் முறை அங்கே ‘செக்காம்’ (SECAM), இங்கே ‘பால்’ (PAL). பிரான்சிலுள்ள உறவினர் கொண்டுவந்த கேசட்டை நம் ஊர்க் கருவியில் போட்டால் பாட்டு சரியாக ஒலிக்கும், படம் கறுப்பு வெள்ளையில் ஓடும். பல முறைகளையும் ஏற்கும் ‘மல்டி சிஸ்டம்’ என்று எழுதிய பெட்டிகளுக்கு அன்று இருந்த மதிப்பு அதனால்தான்.

ஃபிலிமில் எடுத்த படமானால் விளைவு காதிலும் தெரியும். விநாடிக்கு 24 ஃபிரேம் வீதம் எடுத்ததை 25 வீதம் ஓட்டினால் ஒரு மணி நேரப் படம் 57 நிமிடம் 36 விநாடியில் முடிந்துவிடும். சுருதியும், அடுத்த ஸ்வரஸ்தானத்துக்கு உள்ள இடைவெளியில் ஏறத்தாழ 70 விழுக்காடு உயர்ந்துவிடும். பாடகியின் கட்டையை அறிந்த ரசிகருக்கு அது அவர் குரலாகவே தோன்றாது.

இந்த அறிவு பெரிய அரங்குகளுக்கு மட்டும் உரியதன்று. கடலூர் தேவனாம்பட்டினத்திலோ திருப்பாதிரிப்புலியூரிலோ நடக்கும் ஓர் இன்னிசைக் கச்சேரியை இரண்டு மூன்று செல்போன்களில் எடுக்கும் இளைஞர்களுக்கும் இது அப்படியே பொருந்தும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மேடையின் மலிவான எல்.இ.டி. விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுக்கும்; போனை 25 ஃபிரேமுக்கும், ஷட்டரை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் ஒளியை ஏற்கும் நேரத்தை, விநாடியில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் மாற்றினால் படத்தில் ஊரும் கறுப்புப் பட்டைகள் மறையும். சவுண்டு சர்வீஸ்காரரைக் கேட்டு மிக்ஸரின் வெளியீட்டைத் தனியே பதிந்துகொள்ள வேண்டும். கச்சேரிக்கு முன்னும் பின்னும் மேடை மைக்கின் முன் ஒருவர் கையைத் தூக்கி ஒருமுறை தட்டினால், முதல் தட்டல் தொடக்கத்தைப் பொருத்தவும், கடைசித் தட்டல் இடையில் ஏற்பட்ட விலகலைக் கணக்கிட்டு ஒலியை மிகச் சிறிதளவு நீட்டவோ சுருக்கவோ உதவும். பொருத்தும்போது போனில் பதிந்த தட்டல் ஓசையை நம்பக் கூடாது. போன் 35 மீட்டர் தள்ளி இருந்தால் அந்த ஓசையே 100 மில்லி விநாடி பிந்தியது. மென்பொருள் இரண்டு ஒலி அலைகளையும் தானாகப் பொருத்தும்போது அந்தப் பிழை அப்படியே படத்தில் ஏறிவிடும். படத்தை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி, இரு உள்ளங்கைகளும் ஒன்றையொன்று தொடும் ஃபிரேமைக் கண்ணால் கண்டுபிடித்து, மிக்ஸர் பதிவில் அலை செங்குத்தாக எழும் இடத்தை அதன் நேர் கீழே வைப்பதே சரியான முறை.