வாசோபிரெசின்: குழலிறுக்குநீர்

ஐ.சி.யூ. வாசலில் காத்திருக்கும் உறவினரிடம், "பிரஷர் மருந்துலதான் நிக்குது" என்பார் டாக்டர். செப்சிஸ், அதாவது தொற்றுக்கு உடல் தாறுமாறாக எதிர்வினை செய்து உறுப்புகளைக் கெடுக்கும் நிலை, முற்றிய நோயாளிக்கு, விழுந்த இரத்த அழுத்தத்தை ஏற்றும் அந்த மருந்து முதலில் நார்அட்ரினலின். அது போதாதபோது பக்கத்துச் சிரிஞ்ச் பம்பில் நிமிடத்துக்கு 0.03 யூனிட் அளவில் ஏறுவது வாசோபிரெசின் என்ற ஹார்மோன்.

லத்தீனில் 'வாஸ்' என்றால் பாண்டம், கலன், மருத்துவத்தில் இரத்தக்குழாய். 'பிரெஸ்' அழுத்தத்தைச் சொல்கிறது. 1895இல் ஆலிவர், ஷேஃபர் என்ற ஆய்வாளர்கள் மூளையடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை விலங்குகளுக்குச் செலுத்தியபோது இரத்த அழுத்தம் ஏறியது. 1913இல் அதே சாறு, சர்க்கரைக்குச் சம்பந்தமில்லாமல் குடம் குடமாய்ச் சிறுநீர் போகும் நோயைக் கட்டுப்படுத்தியது. சிறுநீரைக் குறைக்கும் ஹார்மோன் என்ற இன்னொரு பெயரும் அப்படி ஒட்டிக்கொண்டது.

வம்பு இந்த இரண்டாம் பெயரில்தான். செப்சிஸில், இரத்தக்குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு பெருகி, நுண்தமனிகள் என்ற சிறு இரத்தக்குழாய்கள் தளர்ந்து விரிந்துவிடும். அவற்றை இறுக்க உடல் முதலில் வாசோபிரெசினைக் கொட்டும். பிட்யூட்டரியின் பின்மடலில் இருந்த கையிருப்பு கரைந்ததும், மிகவும் தேவைப்படும் நேரத்திலேயே அளவு சரிந்துவிடும். 1997இல் லாண்ட்ரி என்ற ஆய்வாளரின் குழுவினர் இந்தப் பற்றாக்குறையைக் காட்டினார்கள். இரத்தம் போதாமல் சிறுநீரகம் முடங்க, சிறுநீர்ப் பை வறண்டு கிடக்கும். அங்கே சிறுநீரைக் குறைப்பதாகப் பெயர் வாங்கிய மருந்தைக் கொடுத்தால், பல நோயாளிகளுக்குச் சிறுநீர் கூடுகிறது! சிறுநீரக வடிகட்டிக்குள் வரும் நுண்தமனியைவிட வெளியேறும் நுண்தமனியை இது அதிகம் இறுக்குவதால் வடிகட்டும் அழுத்தம் உயர்கிறது. ஆனால் அளவு மிஞ்சினால் விரல் நுனி கறுக்கும், குடலுக்கும் இரத்தம் குறையும்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'குழலழுத்தி' என்றால் யாரோ குழாயை வெளியிலிருந்து அமுக்குவது போல இருக்கிறது. இங்கே குழாயின் சுவர்த்தசைதான் இறுகுகிறது. 'நாளச்சுருக்கி' பரவாயில்லை, ஆனால் நார்அட்ரினலினும் நாளச்சுருக்கிதான், இனப்பெயரைத் தனிப்பெயராக்க முடியாது. ஹார்மோனை 'இயக்குநீர்' என்று சொல்லும் வழக்கை ஒட்டி, 'குழலிறுக்குநீர்' என்பது என் தேர்வு.

குழல் என்றால் மிக நுண்ணிய இரத்தக்குழாயான தந்துகியும் அடங்கிவிடுமே, அதன் சுவரில் தசை கிடையாதே என்று கேட்கலாம். நியாயம்தான். அதற்காக 'நுண்தமனியிறுக்குநீர்' என்று நீட்டினால் ராத்திரி ஷிஃப்ட் நர்ஸ் வாயில் நுழையாது.